முள் விலக்கும் மார்கழி

மார்கழி மாதத்தில் விடிவதற்கு முன் எழுந்திருக்கிறவர்கள் இரண்டு வகைப்பட்டவர்கள். பஜனை கோஷ்டியோடு வீதி வலம் வருகிற பக்தர்கள் ஒரு வகை. முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய பிழைப்பே போய்விடும் என்று ஓடுகிறவர்கள் மற்றொரு வகை. இவ்விரண்டிலும் சேராத நாம், சென்ற மார்கழியில் ஒரு நாள் அதிகாலை நான்கரை மணிக்கு, தலையில் கம்பளிக் குல்லாயும் கையில் ஓர் அரிவாளுமாகத் திருச்சுழிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையின்மேல் நின்றுகொண்டிருந்தோம்.

அரிவாளைக் கண்டு நேயர்கள் கலவரமடைய வேண்டாம். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமக்கு உபாத்தியாயர் ஒருவர் சிநேகிதர். "தைப்பூசத்துக்கு நடந்து போகிற ஜனங்களுக்காக வருஷந்தோறும் பாதையில் முள் வெட்டுகிறோம். வந்து பார்த்து நாலு வரி எழுதுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: இங்கே வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க இடமில்லை" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். நிபந்தனையின் பிற்பகுதியை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அதன் பலனை வலது பாதத்தில் அனுபவித்தோம். அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த அந்தச் சீமையை ரயிலிலோ மோட்டாரிலோ கடந்து போகிறவர்கள், "என்ன வறண்ட காடு!" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். வறட்சி உண்மைதான். வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்றோடு வந்து, கண்மாய்களை நிரப்பினால் நிரப்பியது. இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி வரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலையொட்டி ஓடுகிறது. அதாவது, நீர் வந்த நாட்களில் ஓடுகிறது. மற்ற நாட்களில் அது ஒரு மணற்பாட்டை. சுந்தரமூர்த்தி நாயனாரின் தேவாரம் பெற்ற அந்த ஸ்தலத்தில், 1879-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி, வக்கீல் சுந்தரமையரின் வீட்டில் பிறந்த வேங்கடராமன் என்ற குழந்தையே பின்னாளில் ரமண மகரிஷியானார். அவர் பிறந்ததும் இதே பனிக்காலத்தில்தான்.

அருப்புக்கோட்டையோ நெசவுக்கும் மல்லிகைக்கும் பெயர் பெற்ற ஊர். கைத்தறியின் இடத்தைப் பெரும்பாலும் விசைத்தறி பிடித்துக்கொண்டுவிட்டது. என்றாலும் குழித்தறியின் ஓசை ஊரைவிட்டு முற்றும் போய்விடவில்லை. மல்லிகைக்கு மட்டும் இந்தப் பருவம் ஆகாது. பனி விழுந்தால் அரும்பு குறைந்துபோகும்; குறைந்தால் விலை ஏறும். மார்கழியில் அந்த ஊர்ப் பெண்கள் மல்லிகையின் விலையைக் கேட்டுவிட்டுக் கனகாம்பரத்தை வாங்கிக்கொண்டு போவதைக் காணலாம்.

மார்கழி பிறந்துவிட்டால் இந்தச் சீமையில் எங்கு பார்த்தாலும் பச்சை வேட்டியும் பச்சைப் புடவையும் தென்படும். திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டுக்கொண்டவர்களின் கோலம் அது. விரதமிருந்து, தைப்பூசத்துக்குப் போய்ச் சேரும்படி நாள் பார்த்துப் புறப்படுவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, எட்டயபுரம், குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடிப் பக்கம் போய், அங்கிருந்து கடலோரமாகத் திருச்செந்தூர் சேர ஏறக்குறைய 125 கிலோமீட்டர். பழைய கணக்கில் எண்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலோர் செருப்பில்லாமல் நடப்பவர்கள். கிழவர்கள் உண்டு, இடுப்பில் குழந்தையுடன் வருகிற தாய்மார்கள் உண்டு. வழியில் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டையும், தமிழ்நாட்டு ஜனங்கள் காலணாவும் அரையணாவுமாகத் திரட்டிக் கட்டி 1947-இல் திறந்த மணிமண்டபத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு நடையைத் தொடருகிற கூட்டத்தாரும் இருக்கிறார்கள்.

2021-ஆம் வருஷம் முதல் தைப்பூசம் சர்க்கார் விடுமுறை நாள் ஆகிவிட்டது. நடப்பவர்களின் தொகை குறைய இனிக் காரணமில்லை.

தை மாதத்து வெயில்கூடத் தார்ச் சாலையில் வெறுங்காலைப் பொரித்துவிடும். ஆகையால் ஜனங்கள் இரவிலும் அதிகாலையிலுமே அதிகமாக நடக்கிறார்கள். அவர்கள் நடக்கிற சாலை எது? மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. நான்கு வண்டிகள் ஒரே சமயத்தில் போகக்கூடிய விசாலமான சாலை. பெட்டிபெட்டியாகத் துறைமுகத்துச் சரக்கை ஏற்றிய லாரிகள் இரவு முழுவதும் அதில் ஓய்வதில்லை. பனிமூட்டம் இறங்கிய பின்னிரவில், தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற ஒரு டிரைவரும், நடந்து நடந்து கால் மரத்துப்போன ஒரு யாத்ரீகனும் அச்சாலையின் ஓரத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. தை மாதத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால், இந்தச் சாலை என்றில்லை, பழனிக்கும் திருச்செந்தூருக்கும் சமயபுரத்துக்கும் போகும் எந்தச் சாலையிலாவது நடந்த ஒரு விபத்து, உள்பக்கத்தில் ஐந்தாறு வரியில் இருக்கும்.

முன்காலத்துச் சாலைகள் நடப்பவனை நினைத்துப் போடப்பட்டவை. மதுரையில் 1689 முதல் 1706 வரையில் ஆட்சியை நடத்திய ராணி மங்கம்மாளின் பெயரை இன்றைக்கும் பாமரர்கள் சொல்லுவது அவள் போர் செய்ததற்காக அல்ல. சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள் என்பதற்காக. இரு பக்கமும் ஆலும் புளியும், காதத்துக்கொரு சத்திரம், கோடையில் தண்ணீர்ப் பந்தல், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் என்று நடப்பவனுக்கு வேண்டியவை எல்லாம் சாலையோடு சேர்ந்தே இருந்தன. இப்போது சாலை அகன்றது, மரங்கள் போயின. சாலையின் ஓரத்தில் நடப்பவனுக்கென்று மிஞ்சியது வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஒரு முழம். அந்த ஒரு முழத்தின்மேலும் முள் கவிந்து கிடக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையோரத்தில் பாத யாத்ரீகர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம், வாழ்த்துகிறோம். ஆனால் ஒவ்வொரு சாலைக்கும் அப்படிப் பாதை வரும் வரையில் ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

நம் சிநேகிதரின் கிராமத்தார் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கிராமத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறோம். பெரிய சாலை வருவதற்கு முன், வண்டியும் ஆடுமாடும் போய்வந்த பழைய தடம் ஒன்று அவர்கள் ஊர்க் கண்மாய்க் கரைமேல் ஏறி, ஓர் ஓடையில் இறங்கி, புஞ்சைகளின் நடுவே சென்று, தெற்கே பெரிய சாலையில் கலக்கிறது. கிழக்கேயிருந்து வருகிற யாத்ரீகர்கள் இந்தத் தடத்தைப் பிடித்தால் சில மைல் தூரம் லாரிச் சக்கரத்துக்குத் தப்பலாம். மஸ்கட்டுக்கும் மதுரைக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளின் காலத்தில் அந்தத் தடத்தில் நடப்பார் இல்லை. நடப்பார் இல்லாத தடத்தை அந்தச் சீமையில் முள் இரண்டே மழையில் மூடிவிடும்.

முள்ளின் பூர்வோத்தரம்

என்ன முள் என்று தென்பாண்டி நாட்டாரைக் கேட்க வேண்டியதில்லை. சீமைக்கருவேலம்! வேலிகாத்தான் என்றும் சொல்லுவார்கள். பெயரிலேயே 'சீமை' இருக்கிறது. இதன் தாயகம் மெக்ஸிகோவும் மத்திய, தென் அமெரிக்க நாடுகளும். தாது வருஷத்துப் பெரும்பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டிக்கொண்டிருந்த அதே 1877-இல் ஜமைக்காத் தீவிலிருந்து விதை தருவித்துக் கடப்பைப் பக்கத்தில் ஊன்றினார்கள். வறண்ட பூமிக்கு விறகு கிடைக்கும் என்பது எண்ணம். விறகு கிடைத்தது. அத்துடன் மற்றவையும் வந்தன.

நம் நாட்டுக் கருவேலத்துக்கும் உடைமரத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. இருந்த இடத்தில் இருக்கும். இந்த அன்னியன் அப்படியல்ல. அதன் நெற்று தித்திப்பாக இருப்பதால் ஆடும் மாடும் விரும்பித் தின்னும். தின்ற விதை செரிக்காமல் புழுக்கையோடு போய் விழுகிற இடத்திலெல்லாம் முளைக்கும். ஆடு எந்த வழியாக நடக்கிறதோ அந்த வழியின் இரண்டு ஓரமும் முள்வேலி ஆகிவிடும். வெட்டினால் சாகாது, ஒரு கொம்பு இருந்த இடத்தில் பத்துக் கொம்பு கிளம்பும். மண்ணுக்குள் இருக்கும் தூரைப் பறித்து எடுத்தால்தான் உண்டு. கோடையில் கரிசல் மண் பாறை மாதிரி இறுகிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது கடப்பாரையே வளைந்துவிடும். ஐப்பசியில் அதே மண் சேறாகிக் காலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். மழை விட்டு, ஈரம் இன்னும் காயாமல் இருக்கிற மார்கழி ஒன்றுதான் தூர் பறிக்கத் தோதான மாதம். யாத்திரையும் அதற்கடுத்த மாதத்தில் வருவது அந்த ஊராருக்கு முருகன் செய்த சகாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2017-ஆம் வருஷத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அடியோடு களையும்படி உத்தரவிட்டதும், ஊர்தோறும் யந்திரங்கள் புறப்பட்டதும், பிறகு அறிஞர்களைக் கலந்து யோசிக்க வேண்டுமென்று அந்த வேகம் நிறுத்தப்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். உத்தரவு வந்தபோது பிடுங்கியவர்கள் உத்தரவு நின்றதும் நின்றுவிட்டார்கள். முள் மட்டும் எந்த உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை.

அன்று காலை

நாம் கரைமேல் நின்றோம் என்று சொன்னோமல்லவா? இருட்டில் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். இருபது, இருபத்தைந்து பேர் இருக்கலாம். நெசவாளர், சம்சாரிகள், விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் மூவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பெண்டுகள் ஆறேழு பேர். தலைவர் என்று ஒருவரையும் காணோம். ராணுவக்காரர் மட்டும் பழக்கதோஷத்தால் இரண்டொரு கட்டளை இட்டார். யாரும் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை, கீழ்ப்படியவும் இல்லை.

ஆளுக்கோர் ஆயுதம்: வெட்டரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, உயரத்துக் கிளைக்குத் தொரட்டி. இவற்றையெல்லாம்விட முக்கியமானது கவைக்கம்பு. வெட்டிய முள்ளைக் கையால் தொடுகிறவன் மூடன். கவைக்கம்பால் அமுக்கி, அரிவாளால் தறித்து, மீண்டும் கவையால் தள்ளி ஓரம் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு மிக எளிது. நாம் முயன்றபோது கம்பு ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாகப் போனோம். சிரிக்கக் கூடாது என்று அந்தப் பெண்மணிகள் பட்ட கஷ்டத்தை நாம் மறக்க மாட்டோம்.

பாதைக்கு அகலம் ஆறு அடி என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தவளும், காவடி எடுத்தவனும் முள் கிழிக்காமல் போக அவ்வளவு வேண்டும். அந்த ஆறடிக்குள் தூரோடு பறிப்பு. அதற்கு அப்பால் பாதைமேல் சாய்கிற கிளையை மட்டும் கழிப்பார்கள். மழையில் அரிபட்ட இடத்தில் மண் அள்ளிப் போட்டு மிதிப்பார்கள். ஓடை இறக்கத்தில் வழுக்காமல் இருக்கச் சரளை கொட்டுவார்கள். கடைசியாக, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் பாதை நெடுகப் பெருக்குவார்கள். பெருக்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வெறுங்கால்கள் வரப்போகின்றன, ஒடிந்து விழுந்த ஒரு முள் தப்பினாலும் ஒருவருடைய யாத்திரை அங்கேயே நின்றுவிடும்.

கரையின் ஓரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் சாணைக் கல்லை வைத்துக்கொண்டு ஒருவர் மழுங்கின அரிவாள்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று. உபாத்தியாயர் நம்மை அவரிடம் அழைத்துப் போனார்.

"அண்ணாச்சிக்குத் தறி" என்றார் உபாத்தியாயர்.

"தறி இருந்துச்சுய்யா" என்று அவர் திருத்தினார்.

சில வருஷங்களுக்கு முன் தைப்பூசத்துக்கு நடந்தபோது, பெரிய சாலையில், விடியற்காலையில், பின்னாலிருந்து வந்த லாரி அவரை ஒதுக்கிவிட்டுப் போயிற்று. உயிர் தப்பியது, இடக்கால் மடங்காது. குழித்தறியில் உட்காருகிறவன் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு திறக்கும். ஒரு கால் போனால் தறி போயிற்று. இப்போது அவர் மனைவி தறியில் உட்காருகிறாள். அவர் தார் சுற்றிக் கொடுக்கிறார். அவருக்கு அடிபட்ட மறு வருஷம்தான் முதல் முள் வெட்டு நடந்தது. நாலு பேரோடு ஆரம்பித்தது என்று உபாத்தியாயர் சொன்னார். அந்த நாலு பேரும் அவரோடு அன்று நடந்தவர்கள்.

"அந்த லாரிக்காரர்மேல் கோபம் இல்லையா?" என்று நாம் ஓர் அசட்டுக் கேள்வி கேட்டோம்.

அவர் அரிவாளைக் கல்லில் இரண்டு தரம் இழுத்தார். "அவனும் தூங்காம வந்தவன்தானய்யா" என்றார். பிறகு கருக்கைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதை நம்மிடம் நீட்டினார். வேலைக்குப் போகச் சொல்லுகிறார் என்று புரிந்துகொண்டோம்.

எட்டு மணி சுமாருக்கு ஒரு சிறிய சச்சரவு எழுந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கத்தில் கரி மூட்டம் போடும் குடும்பங்கள் சில இருக்கின்றன. சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளே நெருப்பிட்டுப் பல நாள் புகையவிட்டுக் கரி எடுப்பது அந்தச் சீமையில் ஒரு பெரிய தொழில். மழை பொய்த்த வருஷங்களில் விவசாயி வீட்டு அடுப்பு எரிவதும் அந்தக் கரியால்தான். அவர்களில் ஒரு பெண்மணி, முகத்தில் கரிப்பூச்சோடு வந்து நின்றாள்.

"தம்பி, வெட்டுறதை வெட்டுங்க. தூரைப் பூராம் புடுங்கிட்டா அடுத்த வருஷத்துக்கு எங்களுக்கு என்ன இருக்கும்?"

கல்லூரிப் பிள்ளை ஒருவன் நிலத்தடி நீர், அன்னியத் தாவரம் என்று பிரசங்கத்தை ஆரம்பித்தான். அவன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த அம்மாளின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. ராணுவக்காரர் அவனைக் கையமர்த்திவிட்டு, "தாயி, ஆறடிக்கு மேலே ஒரு தூரிலும் கை வைக்க மாட்டோம். பறித்த தூர் முழுவதும் உங்கள் மூட்டத்துக்கே" என்றார். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தூர்க்கட்டையின் கரி கனம் அதிகம். நல்ல விலை போகும். "அப்ப நாங்களே வந்து அள்ளிக்கிறோம்" என்றாள். சற்று நேரத்தில் அவளும் இன்னும் இரண்டு பேரும் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். தூர் பறிப்பதில் அந்த மூவருக்கு முன் நம் தொண்டர்கள் பத்துப் பேர் நிற்க முடியவில்லை.

சீமைக்கருவேலத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று மேடையில் பேசுவதற்கு நாமும் தயார்தான். அந்த மரத்தைத் தவிர வேறொன்றும் விளையாத நிலத்தில் அதை வைத்தே சாப்பிடுகிறவர்களை என்ன செய்வது என்பதையும் அதே மேடையில் பேச வேண்டும் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

வேலையின் நடுவே சுக்குக் காப்பி வந்தது. அதைக் குடித்தவாறே உபாத்தியாயர் சரித்திரத்தில் இறங்கினார். கண்மாய்க் கரையை ஊரார் கூடிச் செப்பனிடுவது தொன்றுதொட்ட வழக்கம். குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் வருஷத்தில் சென்னை சர்க்கார் இதைச் சட்டமாக்கினார்கள். கரை உடையும்படி இருந்தால் கிராமத்தார் வந்து உழைத்தே தீரவேண்டும். வராவிட்டால் தண்டம் செலுத்த வேண்டும். "தாமாக வந்துகொண்டிருந்தவர்களை 'வராவிட்டால் தண்டம்' என்று சொன்னார்கள். அதற்கப்புறம் எவன் தாமாக வருவான்?" என்று கேட்டார். குடிமராமத்து நசித்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். வரி முறையும் நிர்வாகமும் மாறியதும் காரணம். ஆயினும் உபாத்தியாயர் சொன்னதில் சாரம் இருக்கிறது. சுதந்திர சர்க்கார் 2017-இல் அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்து பணம் ஒதுக்கிச் சில கண்மாய்களைத் தூர் வாரியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் இதே காரியத்தை மிக ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் சொன்னான். அப்பலாச்சியன் மலைத்தொடரின்மேல் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரையில், பதினான்கு மாகாணங்களின் ஊடே, ஏறத்தாழ 2,190 மைல் நீளத்துக்கு ஒரு நடைபாதை ஓடுகிறது. பெண்டன் மெக்கே என்பவர் 1921-இல் யோசனை சொன்னார். 1937-இல் பாதை முழுமையாயிற்று. அதை இன்றும் பெரும்பாலும் பராமரித்து வருவது கூலியில்லாத தொண்டர்களின் சங்கங்கள். ஆளுக்கு இத்தனை மைல் என்று பிரித்துக்கொண்டு, விழுந்த மரத்தை அறுத்து, புதரைக் கழித்து, மழைநீருக்கு வடிகால் வெட்டுகிறார்களாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி, "அம்புட்டுத் தூரம் நடந்து எந்தக் கோயிலுக்குப் போறாக?" என்று கேட்டாள். கோயில் ஒன்றுமில்லை, நடப்பதற்காகவே நடக்கிறார்கள் என்றதும் அவள் அந்த நாட்டைப்பற்றி என்ன அபிப்பிராயம் கொண்டாளோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

புதருக்குள் இருந்த கல்

பத்தரை மணி இருக்கும். பனி விலகி வெயில் ஏறிவிட்டது. ஓடைக்கு அப்பால் ஒரு பெரிய புதரைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அரிவாள் 'ணங்' என்று கல்லில் பட்டது. கிளைகளை இழுத்துப் போட்டுப் பார்த்தால், நெஞ்சளவு உயரத்தில் இரண்டு கற்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் குறுக்கே ஒரு நீளக் கல். சுமைதாங்கி!

தலையில் மூட்டையோடு வருகிறவன், இறக்கிவிடவும் தூக்கிவிடவும் ஆள் இல்லாத வழியில், நின்றபடியே சுமையை இந்தக் குறுக்குக் கல்லில் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். யார் முதலில் இதை நினைத்தார்களோ, அவர்கள் பெரியவர்கள்.

கல்லில் எழுத்து ஏதாவது இருக்குமோ என்று நாம் தேடினோம். ஒன்றும் இல்லை, இருந்தது தேய்ந்ததோ, முதலிலேயே வெட்டவில்லையோ. எந்த வீட்டுப் பெண்ணுக்கு வைத்த கல் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. முன்னே அமெரிக்கக் கோயிலைப்பற்றிக் கேட்ட அதே கிழவி, முந்தானையால் குறுக்குக் கல்லைத் துடைத்தாள். செம்பிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் அதன்மேல் விட்டாள். "எம்புட்டு நாளா இந்த முள்ளுக்குள்ள நின்னியோ, ஆத்தா" என்றாள். அரிவாள்கள் சற்று நேரம் ஓய்ந்திருந்தன.

அன்றைக்கு அதற்குமேல் நாம் வேலை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். கல்லைச் சுற்றிப் பார்க்கும் அவசரத்தில், தள்ளி வைத்திருந்த முள்ளின்மேல் காலை வைத்தோம். ரப்பர்ச் செருப்பு அந்த முள்ளுக்கு ஒரு வெற்றிலை. குதிகாலில் இறங்கிவிட்டது. ஊக்கை வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள்; முனை உள்ளே ஒடிந்துபோயிற்று. ஒருவர் எருக்கம்பாலைக் கொண்டுவந்து விட்டார். ராத்திரிக்குள் பாதம் வீங்கி, மறுநாள் டாக்டரிடம் போய்க் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. செருப்புப் போட்டவனுக்கு இந்தக் கதி என்றால், எண்பது மைல் வெறுங்காலோடு நடப்பவளுக்கு அந்த விளக்குமாறு எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை மூன்று நாள் நொண்டிக்கொண்டே சிந்தித்தோம்.

தை மாதத்தில், பூசத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, மறுபடியும் போயிருந்தோம். இந்தத் தடவை அரிவாள் இல்லை. ஓடைக் கரையில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். அண்டாவில் வெந்நீர், கால் வைத்துக்கொள்ள உப்புப் போட்ட தொட்டி, தேங்காய் எண்ணெய், கேழ்வரகுக் கூழ். இருட்டில் நடப்பவர்களின் முதுகு மூட்டையில் ஒட்டுவதற்கு, விளக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புப் பட்டைகளைப் பிள்ளைகள் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே பெரிய சாலையில் கலந்தபின் அந்தப் பட்டைதான் காவல்.

அன்னதானம் செய்கிற புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். பெரிய சாலையில் மோட்டாரை நிறுத்தி, பிளாஸ்டிக் தட்டில் சித்ரான்னமும் பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் வழங்கிவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள். தட்டும் பையும் அங்கேயே கிடந்து, காற்றடித்தால் கண்மாயில் போய் விழுகின்றன. சோற்று வாசனைக்கு அவற்றைத் தின்ற மாடுகள் படும் பாட்டை அந்த ஊராரைக் கேட்டால் சொல்லுவார்கள். இந்தப் பந்தலில் கூழை ஊற்றுவதற்குப் பனை ஓலைப் பட்டையும் எவர்சில்வர் டம்ளரும் வைத்திருந்தார்கள். கழுவி வைக்க இரண்டு கை கூடுதலாக வேண்டும். அந்தக் கைகள் இருந்தன.

தார் சுற்றும் அண்ணாச்சி தொட்டிப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தை லாந்தர் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு இருந்தால் எண்ணெய். முள் இருந்தால் ஊக்கு. அந்த வேலைக்குத் தாம்தான் தகுந்தவர் என்று அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

பின்னிரவு மூன்று மணிக்கு ஒரு கூட்டம் வந்தது. கமுதிப் பக்கத்து ஜனங்கள் என்று பேச்சில் தெரிந்தது. முப்பது பேருக்குமேல் இருக்கும். சுமைதாங்கிக் கல்லின்மேல் ஒரு மண் அகல் எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து தலைமூட்டைகளை அந்தக் குறுக்குக் கல்லில் சாய்த்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களில் நடுவயதுக்காரர் ஒருவர் வெந்நீரில் காலை வைத்தவாறே, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"போன வருஷம் வரைக்கும் ரோட்டுமேலதான் போனோம். இந்தப் பாதை எப்பப் போட்டாக, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அவருடைய இடது பாதத்தை எடுத்துத் தம் மடிமேல் வைத்துக்கொண்டு, லாந்தரை இன்னும் அருகே இழுத்தார்.

"இது ரொம்பக் காலமா இருக்குது, சாமி. காலைக் கொஞ்சம் திருப்புங்க" என்றார்.